விபத்தைக் கண்டவரிடம் கேட்டறிவது எப்படி? சிறுவர் முதல் முதியவர் வரை

விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்காகக் கண்ணால் கண்ட சாட்சிகளைச் சந்தித்துப் பேசி வருகிறேன். ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1980-களில் வகுத்த நேர்காணல் முறையே எனக்கு அடிப்படை. இப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படியாக, சாட்சிகளைத் தனித்தனியே அமர்த்துங்கள். அடுத்தவர் சொல்லக் கேட்டதையும் தாம் கண்டதாகவே நம்பிவிடுவது மனித இயல்பு.

அடுத்தது, அந்தச் சூழலை மனத்தில் மீட்பது. பலரும் இதை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். பலன் கிடைக்காமல் போவதும் அதனால்தான். "எங்கே நின்றிருந்தீர்கள்? வெயிலா, மழையா? கையில் என்ன இருந்தது? பதில் சொல்ல வேண்டாம், நினைத்து மட்டும் பாருங்கள்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். விரும்பினால் அவர் கண்களை மூடிக்கொள்ளலாம். டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர், கண்ணாடி டம்ளர் விரலைச் சுட்டதை நினைவுகூர்ந்த பிறகே, லாரி இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதைச் சொன்னார்.

பிறகு, "பார்த்தது அனைத்தையும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் இருங்கள். உங்கள் சொல் எதுவும் அவர் நினைவுக்குள் புகுந்துவிடக் கூடாது. 1974-இல் லாஃப்டஸ், பால்மர் என்னும் உளவியலாளர்கள் கார் விபத்துப் படத்தைக் காட்டி நடத்திய ஆய்வில், கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதத்தினர், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகக் கூறினர். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 14 சதவீதத்தினரே அப்படிக் கூறினர்.

குழந்தைகளிடம், "தெரியாது என்பதும் சரியான பதில்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்னது தவறு போலும் என்று எண்ணிப் பதிலை மாற்றிவிடுவார்கள். வேறொருவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்றும் கேட்காதீர்கள். அது கற்பனையில் கொண்டுபோய் விடும்.

முதியவர்களை நிகழ்ச்சியைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லவைக்க வேண்டாம். அது குழப்பத்தையே தரும். வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுத்து, விபத்து நடந்த இடத்தை வரைந்தபடியே பேசச் சொல்லுங்கள். அச்சிட்ட கேள்விப் படிவத்தைவிட இதையே நான் எப்போதும் விரும்புகிறேன். பேச்சை அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பதிவுசெய்தால், குறிப்பெடுக்கக் குனியாமல் அவர் முகம் பார்த்துக் கேட்கலாம்.

பின்சேர்க்கை: குழந்தைக்குப் பதிலாகத் தாயே பேசிவிடுகிறார், என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தனர். அவரைக் குழந்தையின் பின்பக்கம் அமரச் செய்யுங்கள். இடையில் பேச வேண்டாம் என்பதைக் குழந்தை வருவதற்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். அதன் எதிரில் சொன்னால், அம்மாவைக் கண்டிக்கிறார்கள் என்று பயந்து அது வாயே திறக்காது.