நீலகிரியில் நான்கு நாள்: குழுவாகப் போய் வரலாறு பார்க்க ஒரு வழித்திட்டம்

உதகையில் அறை போட்டுவிட்டுத் தினமும் அங்கிருந்தே கிளம்பித் திரும்பும் திட்டத்தை முதலில் கைவிடுங்கள். பூங்காவும் படகும் பார்க்க அது போதும், வரலாறு பார்க்கப் போதாது. நீலகிரியில் பார்க்க வேண்டிய பழைய இடங்கள் கோத்தகிரி, குன்னூர், உதகை, நடுவட்டம் என்று மலையின் குறுக்கே நீண்டு கிடக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறி, கூடலூர் வழியாக இறங்கினால் போன பாதையிலேயே திரும்பி வர வேண்டியதில்லை. நான்கு பகல், மூன்று இரவு, மூன்று ஊரில் தங்கல். தினமும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் நல்லது. அரசு அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமை மூடுவது வழக்கம், தேவாலயங்களில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்கு அலுவலக நாளில் போவதே நிச்சயம். திங்கள் ஏறி வியாழன் இறங்கினால் இந்த மூன்று சிக்கலும் இல்லை, வார இறுதிக் கூட்டமும் இல்லை. லீவு கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் சனி ஞாயிறில் போனால் பாதி நேரம் வண்டிக்குள்ளேயே போய்விடும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு வந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள், சாலையும் அடைபடும். ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம், ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள்.

பன்னிரண்டு, பதினான்கு பேர் என்றால் ஒரே வேன் எடுங்கள். மூன்று காரில் போனால் ஒரு கார் டீக்கடையில் நிற்கும், இன்னொன்று வழி தவறும், எல்லோரும் சேர்வதற்குள் அருங்காட்சியகம் மூடும் நேரம் வந்துவிடும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம். அது வண்டிக்கு வண்டி தனியாக வாங்க வேண்டியது, அதனாலும் ஒரே வண்டி வசதி. வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தங்குமிடம் எல்லாம் கேட்பார்கள், முன்னாலேயே பதிவு செய்து அச்சிட்டு ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை தெரிந்த ஓட்டுநராகப் பார்த்துப் பேசுங்கள், அவருடைய பேட்டா, சாப்பாடு, இரவு தங்கல் மூன்றையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆளுக்கு ஒரு விஷயத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு மலை ரயில், ஒருவருக்கு மலைப் பழங்குடிகளான தோடர்கள், ஒருவருக்கு 1819-ல் மலையேறி வந்த ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன், ஒருவருக்கு இறந்தவர்களைப் புதைத்த பழைய ஈமச்சின்னங்கள். வேனில் போகும்போது அவரவர் பங்கை அவரவர் சொல்ல வேண்டும். எங்கள் பெரியம்மா நீலகிரி ஈமக் கலங்களின் மூடியில் எருமை உருவம் வைத்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், பின்சீட்டுப் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கலங்கள் இப்போது மலையில் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் குழு என்றால் முந்தைய வாரமே எழும்பூருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், மலையில் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி புரியும்.

முதல் நாள் கோத்தகிரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களாவைச் சீர்படுத்தி நினைவகமாக வைத்திருக்கிறார்கள், பழைய புகைப்படங்களும் மலை மக்கள் பற்றிய தகவல்களும் உள்ளே இருக்கின்றன. சின்னக் கட்டடம், பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, இரண்டாகப் பிரிந்து போங்கள். திறந்திருக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் பழைய பாறை ஓவியங்கள் உண்டு. அது காட்டுக்குள், வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அனுமதி கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வந்தவர்கள் பெயரைக் கிறுக்கி அந்த ஓவியங்களை ஏற்கெனவே நிறையப் பாழாக்கியிருக்கிறார்கள், நாமும் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம்.

இரண்டாம் நாள் குன்னூர். நடக்க முடிந்தவர்கள் பக்காசுரன் மலைக்குப் போகலாம், ஆங்கிலேயர் துரூக் என்று எழுதிய கோட்டை, திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது இடிந்த சுவர்தான், தேயிலைத் தோட்டத்தின் வழியாகச் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஆனால் மேலே நின்று கீழே சமவெளியைப் பார்த்தால் ஏன் அங்கே கட்டினார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள், அவர்கள் சிம்ஸ் பூங்காவில் இருக்கட்டும், அது 1874-ல் அமைத்தது.

மூன்றாம் நாள் காலை குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போங்கள், வேன் பெட்டிகளோடு மேலே வந்துவிடட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற வேண்டும் என்று ஆசை இருக்கும், ஆனால் ஒரு குழுவுக்கு அந்த ரயிலில் சேர்ந்து இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூர்–உதகைப் பகுதியில் ரயில்கள் கூடுதல், இருந்தாலும் முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள். 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை உதகையை எட்ட 1908 ஆனது. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான், 12 அடிக்கு 1 அடி ஏற்றம் இருக்கும் இடத்தில் வெறும் சக்கரம் பிடிக்காது, அதனால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் போகும் பகுதியில் அது இல்லை. அதனால் குன்னூர் நிலையத்துக்கு முன்னதாகவே போய் எஞ்சினையும் அந்தத் தண்டவாளத்தையும் பார்த்துவிடுங்கள்.

உதகையில் இறங்கியதும் நகருக்குள் போகாதீர்கள். நேராக முத்தோரை பாலாடா, சுமார் 10 கிலோமீட்டர், பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் வீடுகள், கருவிகள், உடைகள் பற்றி ஒரே இடத்தில் தெரிந்துகொள்ளலாம். இங்கே ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள். நீலகிரி வரலாற்றை 1819-ல் ஒரு வெள்ளைக்காரர் குதிரையேறி வந்ததிலிருந்து ஆரம்பிக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது, நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் கட்டிய வீட்டை ரசிப்பது நியாயமில்லை. இதைப் பார்த்த பிறகு மதியம் கல் பங்களாவுக்குப் போங்கள், 1822-ல் சல்லிவன் கட்டத் தொடங்கியது, இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். அப்புறம் புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல் நாட்டியது, உத்தரங்களை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்தார்கள். முந்தைய நாள் கோட்டைக்கு ஏறியவர்கள் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். தாவரவியல் பூங்காவுக்கு மேற்புறம் தோடர் மந்து, அதாவது தோடர் குடியிருப்பு ஒன்று உண்டு, அது மக்கள் வாழும் இடம், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கோயில் பக்கம் நெருங்காதீர்கள்.

நான்காம் நாள் காலை மைசூர் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம், போகிற வழியிலேயே இருக்கிறது. அங்கிருந்து நடுவட்டம். 1848-ல் உதகை தாவரவியல் பூங்கா வேலையைத் தொடங்கியவர் மெக்ஐவர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர், அவரேதான் 1860-களில் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரங்களை நீலகிரியில் வளர்த்தார். நடுவட்டத்தில் அந்தத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த சிறை அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தொழிற்சாலை அருகே அருங்காட்சியகமாக நிற்கிறது. பூங்காவின் பூக்களைப் பார்த்தவர்கள் இந்தச் சிறையையும் கட்டாயம் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே காலத்துக் கதை.

அதன் பிறகு கூடலூர். கல்லட்டி வழி குறுக்காக இறங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வெளிமாவட்ட வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை. மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, மாலை 6 மணிக்குள் கூடலூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.