பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை மியூஸ்ஸ்கோரில் எழுதிப் பார்க்கலாம்: முதல் 24 பார்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் கேஎல்சிசி. அங்கே இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் 1998 முதல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்து வருகிறது. மேடையில் அத்தனை பேரும் யார் எதை வாசிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஐந்தாம் சிம்பொனியின் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பை, புரட்டிப் பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். ஒவ்வொரு நோட்டாக நானே கணினியில் எழுத ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் விளங்கியது.

மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ, ஸ்கோர் எழுத உதவும் இலவச மென்பொருள், இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்கோரின் பிடிஎஃப், இசைக்குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் கிடைக்கும். காப்புரிமை முடிந்த பழைய பதிப்பாகப் பார்த்து எடுங்கள். யாரோ தட்டச்சு செய்து வைத்த ஃபைலைத் திறந்து வேலையை முடித்துவிடாதீர்கள். சமைத்த சாப்பாட்டைப் பார்த்துச் சமையல் கற்க முடியாது.

சரி, புதிய ஸ்கோர் திறந்து வாத்தியங்களைச் சேருங்கள்: புல்லாங்குழல், ஓபோ, பி ஃபிளாட் கிளாரினெட், பஸ்ஸூன், ஈ ஃபிளாட் ஹார்ன், சி டிரம்பெட், டிம்பனி, அப்புறம் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ். டிராம்போன் எங்கே என்று தேடாதீர்கள், அது நான்காம் பகுதியில்தான் வருகிறது. அடுத்த பக்கத்தில் சி மைனர், அதாவது மூன்று ஃபிளாட் (ஸ்வரத்தை அரைப் படி இறக்கும் குறி). தாளம் 2/4. வேகம், நிமிடத்துக்கு 108 அரை நோட்.

இப்போது முதல் வயலினின் முதல் பாரை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தாளக் கட்டம்) கிளிக் செய்து 'என்' விசையை அழுத்துங்கள். 4 அழுத்தினால் எட்டில் ஒரு பங்கு நோட். 0 அழுத்தினால் அதே அளவு மௌனம். பிறகு ஜி, ஜி, ஜி. அடுத்து அரை நோட்டுக்கு 6 அழுத்தி ஈ. ஃபிளாட் தானாக விழுந்துவிடும். உலகமே அறிந்த அந்த நான்கு தட்டு இதுதான். நம் கணக்கில் சி-யை ஷட்ஜமாக வைத்தால் ப ப ப க. அடுத்தது ம ம ம ரி. அந்த ரி-யை எழுதியதும் 'டி' விசையை அழுத்தி ஐந்தாம் பாருக்கும் நீட்டிவிடுங்கள். இரண்டாம் பாரிலும் ஐந்தாம் பாரிலும் ஃபெர்மாட்டா, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிறுத்தச் சொல்லும் குறி, இருக்கிறது. அதைக் குறிகள் இருக்கும் பேலட்டிலிருந்து எடுத்து வையுங்கள். முதல் பார் ஸ்வரத்தில் தொடங்கவில்லை, மௌனத்தில் தொடங்குகிறது. இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது தெரியாது.

இந்த ஐந்து பாரில் தந்தி வாத்தியங்களோடு கிளாரினெட்டும் சேர்கிறது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். வயலினுக்கு ஜி, கிளாரினெட்டுக்கு ஏ என்று அச்சில் இருந்தது. அப்படியே அடித்துப் பிளே செய்தேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடா, சுருதியே சேரலையே!" என்றார். கீழே வலது மூலையில், எல்லா வாத்தியத்தையும் ஒலிக்கும் சுருதியிலேயே எழுத வைக்கும் 'கன்சர்ட் பிட்ச்' பட்டன் ஆனில் இருந்திருக்கிறது. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிக்கொண்டு வாசிப்பது போல. அச்சைப் பார்த்து எழுதும்போது அந்தப் பட்டன் ஆஃபில் இருக்க வேண்டும். கேட்கும் சுருதியிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஆன் செய்துகொள்ளலாம்.

ஆறாம் பாரிலிருந்து அவசரப்படாமல் போங்கள். காதுக்கு ஒரே மெட்டாகத்தான் கேட்கும். எழுதிப் பார்த்தால் இரண்டாம் வயலின் தொடங்கி, ஏழாம் பாரில் வியோலா வாங்கி, எட்டாம் பாரில் முதல் வயலினிடம் கைமாறுகிறது. மிக்ஸரில் வியோலாவை மட்டும் மியூட் செய்து கேளுங்கள். நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும்.

இருபத்து நான்காம் பாரில் இன்னொரு ஃபெர்மாட்டா வரும். முதல் நாளுக்கு அங்கே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது, பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை. அப்புறம் கை பழகியதும் 59-ஆம் பாருக்குத் தாவுங்கள். அங்கே ஹார்ன் கூப்பிடும். அச்சில் ஜி ஜி ஜி சி, காதில் பி ஃபிளாட் மூன்று முறை, பிறகு ஈ ஃபிளாட். கன்சர்ட் பிட்ச் பட்டனைத் தொடாமல், ஏன் அப்படி என்று தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.