காலடி எண்ணி வரைபடம் போடுவது எப்படி?

லண்டன் ராயல் ஜியாகிராஃபிகல் சொசைட்டி என்றால் பலருக்கும் ஆப்பிரிக்காவில் பயணம் செய்த லிவிங்ஸ்டன் ஞாபகம்தான் வரும். 1830-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் எனக்குப் பிடித்தது வேறு வேலை: எங்கே போனாலும் எதை எப்படி அளந்து குறித்துவர வேண்டும் என்று 1854-லேயே பயணிகளுக்குக் கையேடு போட்டார்கள். 1877-ல் நைன் சிங்குக்குத் தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள். இமயமலையின் குமாவோன் பகுதிக்காரர், பள்ளி வாத்தியார் (அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை). இந்திய சர்வே துறை பழக்கி அனுப்ப, யாத்ரீகர் வேடத்தில் திபெத்தின் லாசா வரை காலடி எண்ணியே அளந்தவர். மைலுக்கு 2000 காலடி. 108 மணி இருக்கவேண்டிய ஜெபமாலையில் 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புகளைக் கையில் சுழற்றும் ஜெப உருளைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

இதையே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் உங்கள் காலடியின் நீளம் தெரியவேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை வழக்கமான நடையில் எண்ணிக்கொண்டே போங்கள், திரும்பியும் எண்ணுங்கள். சராசரி 270 வந்தால் உங்கள் அடி 74 சென்டிமீட்டர். பட்டாளத்து நடை வேண்டாம். அது பாதித் தெருவிலேயே தளர்ந்துவிடும்.

அப்புறம் தெருவைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். மாலைக்குப் பதில் புளியங்கொட்டை போதும்: நூறு அடிக்கு ஒன்றை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அடிக்கணக்கையும், அடுத்துப் போகும் திசையின் பாகையையும் எழுதுங்கள். போன் காம்பஸே போதும். ஆனால் டிரான்ஸ்பார்மர், இரும்பு கேட் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். முள் பொய் சொல்லும். காந்த மூடி போட்ட கவர் என்றால் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து அடிகளை மீட்டராக்கி, 1 சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று கிராஃப் தாளில் பாகைமானி வைத்து வரையுங்கள். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் சரியாகப் போய் முட்டாது. ஒரு கிலோமீட்டர் சுற்றுக்கு இடைவெளி அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால், அதை எல்லாத் திருப்பங்களுக்கும் நீளத்துக்குத் தக்கபடி பங்கிட்டுச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால், நீளமான தெருவை மட்டும் முதலில் மறுபடி நடந்து பாருங்கள்.