சர்க்கரை கரைவதும் கருகுவதும்: இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் பிரித்தறியும் முறை

"திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம்." பள்ளியில் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்போம். ஆனால் ஒரு கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைகிறது என்று வையுங்கள். பழைய டம்ளர் திரும்பி வராது. அதற்காக அங்கே வேதிவினை நடந்துவிட்டதா? இல்லை, ஒவ்வொரு சில்லும் அதே கண்ணாடிதான். கைபேசி பேட்டரி இதற்கு நேர்மாறு. உள்ளே நடப்பது வேதியியல் மாற்றம். சார்ஜ் போடும்போதெல்லாம் அதே மாற்றத்தைப் பின்பக்கமாக ஓட்டுகிறோம்.

அதனால் அந்த வரியை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்வியைப் பிடித்துக்கொள்வோம். மாற்றத்துக்குப் பிறகு கையில் இருப்பது அதே பொருளா, வேறு பொருளா? வடிவம், அளவு, திட திரவ வாயு நிலை மட்டும் மாறியிருந்தால் அது இயற்பியல் மாற்றம் (பழைய புத்தகங்களில் பௌதிக மாற்றம்). அணுக்கள் பழைய பிணைப்பை விட்டு, புதிதாகச் சேர்ந்து வேறு பொருளாகியிருந்தால் வேதியியல் மாற்றம்.

சர்க்கரை, மெழுகுவர்த்தி, சமையல் சோடா, வினிகர், கொஞ்சம் இரும்பு நார் இருந்தால் போதும், வீட்டிலேயே பார்த்துவிடலாம். தீ தேவைப்படும் இடங்களில் சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

படி 1: ஒரே சர்க்கரை, இரண்டு கரண்டி

ஒரு கரண்டி சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கரையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, ஆனால் நாக்குக்குத் தெரிகிறது. அந்தக் கரைசலை அகலமான தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். சில நாளில் தண்ணீர் போய், தட்டில் பிசுக்கும் படிகமுமாகச் சர்க்கரை மிஞ்சும். போனது தண்ணீர் மட்டும்தான்.

இன்னொரு கரண்டி சர்க்கரையைப் பழைய எவர்சில்வர் கரண்டியில் வைத்து, சின்னத் தீயில் காட்டுங்கள். பாகு கையில் பட்டால் மோசமாகச் சுடும், கவனம். முதலில் இளகும், பொன்னிறமாகும், பழுப்பாகும், கடைசியில் கரியாகும். ஒரு சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. சூட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் நீராவியாக வெளியேறிவிட, கார்பன் கரியாகத் தங்குகிறது. ஆறிய பிறகு அந்தக் கரியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரையாது. அது சர்க்கரையே இல்லை.

படி 2: மெழுகுவர்த்தி

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகளை மெழுகுவர்த்தியை வைத்தே தொடங்கினார் என்றால், அதில் எவ்வளவு விஷயம் இருக்கும்!

திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகைக் கவனியுங்கள். ஒரு சொட்டு தட்டில் விழுந்தால் உடனே உறைந்து பழைய மெழுகாகிறது. இயற்பியல் மாற்றம். அப்புறம், குளிர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைச் சுடருக்குச் சற்று மேலே சில நொடி தலைகீழாகப் பிடியுங்கள். உள்ளே பனி படர்ந்ததுபோல் மங்கும். அது தண்ணீர்! மெழுகில் இருந்த ஹைட்ரஜன், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டானது. மெழுகின் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. அரைகுறையாக எரிந்த கார்பனைப் பார்க்க ஆசையா? ஒரு கரண்டியைச் சுடருக்குள் நீட்டி எடுத்தால் கரி படிந்திருக்கும்.

இப்போது சுடரை ஊதி அணைத்ததும், மேலே எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் இருந்தால் பிடிக்காது, நான்கைந்து தடவை முயல வேண்டியிருக்கும். அந்தப் புகை ஆவியாகி மறுபடி நுண்துளிகளாகக் குளிர்ந்த மெழுகுதான். ஆக திட மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாவது வரை எல்லாம் இயற்பியல் மாற்றம். எரிவது மட்டும் வேதியியல். ஒரே பொருளில், ஒரே நேரத்தில், இரண்டும்.

படி 3: எல்லாக் குமிழியும் ஒன்றல்ல

நிறம் மாறுதல், குமிழி, வெப்பம், மணம் ஆகியவற்றை வேதியியல் மாற்றத்தின் அடையாளம் என்பார்கள். இவை துப்பு மட்டும்தான். கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வருகிறது. குளிர்ந்த தட்டை மேலே காட்டினால் அதில் தண்ணீர்தான் துளிர்க்கும். சோடா பாட்டிலைத் திறந்தால் வருவது, ஏற்கெனவே அழுத்திக் கரைத்து வைத்த கார்பன் டை ஆக்சைடு. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினாலும் நுரைத்து வருவது அதே கார்பன் டை ஆக்சைடுதான், ஆனால் அங்கேயே புதிதாக உண்டானது.

வாயு ஒன்றே என்பதால் வாயுவை மட்டும் சோதித்து இவற்றைப் பிரிக்க முடியாது. முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன மிஞ்சியது என்று பாருங்கள். நுரை அடங்கும்வரை வினிகர் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பொங்காது. சோடா தீர்ந்து சோடியம் அசிட்டேட் என்ற வேறு உப்பாகிவிட்டது. டம்ளரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வேதிவினை என்றாலே சூடு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

படி 4: துரு

மெல்லிய, சாதாரண இரும்பு நார் வேண்டும். துருப்பிடிக்காத வகை இதற்கு உதவாது. வினிகரில் சில நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, உயரமான டம்ளரின் அடியில் அழுத்திச் செருகுங்கள். தண்ணீர் ஊற்றிய தட்டில் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் நார் பழுப்பாகியிருக்கும், டம்ளருக்குள் தண்ணீரும் மேலே ஏறியிருக்கும். காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அதை இரும்பு எடுத்துக்கொண்டு துருவானதால் காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது.

எரியும் மெழுகுவர்த்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும் சோதனையிலும் தண்ணீர் ஏறும். அதை வைத்து "ஆக்சிஜன் தீர்ந்ததால்தான்" என்று விளக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே முக்கியக் காரணம், சூடான காற்று குளிர்ந்து சுருங்குவது. இரும்பு நார் மெதுவாக வேலை செய்வதால் அந்தக் குழப்பம் இல்லை.

படி 5: இழுபறி வழக்குகள்

உப்பு தண்ணீரில் கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) பிரிந்துவிடுகின்றன. பிணைப்பு போய்விட்டதே, வேதியியல்தானே என்று வாதாடலாம். ஆனால் தண்ணீர் வற்றினால் அதே உப்பு கிடைப்பதால் பாடநூல்கள் அதை இயற்பியல் பக்கம் வைக்கின்றன. முட்டை வேகும்போது புரத இழைகளின் மடிப்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, இடையில் புதிய பிணைப்புகளும் உண்டாகின்றன. அது வேதியியல் பக்கம். தேர்வில் இப்படியே எழுதுங்கள், ஆனால் கோடு அவ்வளவு கூர்மையானது இல்லை என்பதும் மனத்தில் இருக்கட்டும்.

சரி, இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஆப்பிளை இரண்டு துண்டாக நறுக்கி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவி, இரண்டையும் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நறுக்கியது எந்த வகை மாற்றம்? பழுப்பானது எந்த வகை? சாறு தடவிய துண்டு ஏன் பின்தங்கியது? ஒரு துப்பு: நறுக்கும்போது ஆப்பிளின் செல்கள் கிழிந்து, உள்ளே இருக்கும் நொதிக்கு (வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) காற்றின் ஆக்சிஜன் எட்டுகிறது. அந்த நொதிக்குப் புளிப்பு ஆகாது.