கர்னல் நிரலில் இன்லைன் அசெம்பிளி: ஓபரண்டுகளை எழுதுவது எப்படி?

பாயான் லெப்பாஸ் சில்லு ஆலைகளில் ஃபர்ம்வேர் வேலைக்குப் போக நினைக்கும் நம் பினாங்குப் பிள்ளைகள் சி மொழியை நன்றாகவே படித்துவிடுகிறார்கள். கர்னல் நிரலைத் திறந்ததும் 'ஏஎஸ்எம் வோலடைல்' என்ற வரியில் தடுக்கி நிற்கிறார்கள். சி நிரலுக்குள்ளேயே அசெம்பிளி ஆணையை எழுதும் வழி அது; 'வோலடைல்' என்றால் அந்த ஆணையை நீக்கிவிடாதே என்று கம்பைலருக்குச் சொல்வது. அதை இங்கே பிரித்துப் பார்ப்போம். எக்ஸ்86 லினக்ஸ் கணினியும் ஜிசிசி கம்பைலரும் போதும். நிரலைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

மேற்கோளுக்குள் இருக்கும் அசெம்பிளி ஆணையின் பொருள் கம்பைலருக்குத் தெரியாது. %0, %1 என்ற இடங்களை ஓபரண்டுகளால், அதாவது ஆணை கையாளும் மதிப்புகளால், வரிசைப்படி நிரப்பி அப்படியே அசெம்பிளருக்குத் தள்ளிவிடும். எது வெளியே வருகிறது, எது உள்ளே போகிறது, எது கெடுகிறது என்பதை முக்காற்புள்ளிகளுக்குப் பின்வரும் மூன்று பட்டியல்களில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னால் -ஓ0வில் (மேம்படுத்தாமல் தொகுத்தால்) ஓடும் நிரல் -ஓ2வில் (மேம்படுத்தித் தொகுத்தால்) கவிழும்.

படி 1. 'ஆர்டிடிஎஸ்சி' ஆணையில் தொடங்குங்கள். செயலியின் கடிகார எண்ணின் கீழ்ப்பாதியை இஏஎக்ஸ், மேல்பாதியை இடிஎக்ஸ் ரிஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) அது வைக்கும். வெளியீடுகள்: "=ஏ"(கீழ்), "=டி"(மேல்). '=' என்றால் எழுத மட்டும்; படித்து எழுதவும் வேண்டுமானால் '+'.

படி 2. போர்ட்டுக்கு (சாதனங்களோடு பேச உதவும் எண்ணிட்ட வாயில்) ஒரு பைட் அனுப்புவோம். லினக்ஸ் கர்னலில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான்:

ஏஎஸ்எம் வோலடைல்("அவுட்பி %பி0, %டபிள்யூ1" : : "ஏ"(மதிப்பு), "என்டி"(போர்ட்));

'பி' ஒரு பைட் அகலம், 'டபிள்யூ' 16 பிட். அழகே "என்டி"யில்தான் இருக்கிறது. பெரிய 'என்' 0 முதல் 255 வரையான மாறிலி. சின்ன 'டி' டிஎக்ஸ் ரிஜிஸ்டர். இரண்டில் எது பொருந்துமோ அதைக் கம்பைலரே தேர்ந்துகொள்ளும். 'ஜிசிசி -ஓ2 -எஸ்' (பெரிய 'எஸ்') கொடுத்து, கம்பைலர் எழுதும் அசெம்பிளியைப் பாருங்கள். போர்ட் 128 என்றால் எண் ஆணைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். முதல் சீரியல் போர்ட்டான 1016 என்றால் முதலில் டிஎக்ஸில் ஏறும். 'டி'யை நீக்கிவிட்டு 1016 கொடுங்கள். நிறைவேற்ற முடியாத கட்டுப்பாடு என்று ஜிசிசி மறுத்துவிடும். இதைச் சாதாரண நிரலாக ஓட்டாதீர்கள், அனுமதியின்றி விழும். அந்த அசெம்பிளியைப் படித்தால் போதும்.

படி 3. ஒரு பஃபரை நிரப்பிவிட்டு, சாதனத்துக்கு அவுட்பி மூலம் 'எடுத்துக்கொள்' என்கிறீர்கள். பஃபரில் எழுதுவதைக் கம்பைலர் அவுட்பிக்குப் பின்னால் தள்ளலாம். வோலடைல் அதைத் தடுக்காது. மூன்றாம் பட்டியலில் "மெமரி" சேருங்கள், கம்பைலர் நகர்த்தாது.

படி 4. ஒரே மேற்கோளுக்குள் இரண்டு ஆணைகள் என்றால் கவனம். எல்லா உள்ளீடுகளும் படிக்கப்பட்ட பிறகே வெளியீடு எழுதப்படும் என்று கம்பைலர் நம்பி, இரண்டுக்கும் ஒரே ரிஜிஸ்டரைக் கொடுத்துவிடலாம். முதல் ஆணையே வெளியீட்டில் எழுதிவிட்டால், இரண்டாவது படிக்க வேண்டிய மதிப்பு போச்சு. "=&ஆர்" என்று '&' இடுங்கள், உள்ளீடுகளோடு ரிஜிஸ்டரைப் பகிராது. 'ஆர்' என்றால் ஏதாவதொரு பொது ரிஜிஸ்டர்.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் தொகுத்துப் பாருங்கள். "ஆர்எம்" என்று ரிஜிஸ்டர், நினைவகம் இரண்டையும் அனுமதித்தால், கிளாங் நெடுங்காலமாக நினைவகத்தையே பிடித்துக்கொண்டது. கர்னல்காரர்கள் 2024இல் கிளாங்குக்கு "ஆர்" மட்டும் போகும்படி ஒரு மேக்ரோ எழுதிவைத்தார்கள்.