சந்தா ஆட்டத்தில் லெவல் ஏற்றுவது தேறுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்த சித்தப்பா மகன் போன வாரம் முகப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: “அண்ணே, மாசாமாசம் காசு கட்டி ஆடுற கேம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். மேல வரவே மூணு மாசம் ஆகுமாம். அவ்வளவு நேரம் போட்டா தேறுமா?”

இணையத்தில் பலர் ஒரே உலகில் கூடி, ஆளுக்கொரு கேரக்டரை லெவல் லெவலாக ஏற்றும் இந்த ஆட்டங்களை நான் பதினைந்து ஆண்டுகளாக விட்டு விட்டு ஆடுகிறவன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, ஆகவே எதையும் பற்று வரவாகப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அப்படியிருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு சாப்பாட்டு நேரம் வரை அவனோடு பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் நான் செய்த தவறுகள். சில, கூட ஆடியவர்கள் செய்து நான் பார்த்தவை.

காசை எழுதி நேரத்தை எழுதாமல் விடுவது

வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் முதலில் காசைத்தான் எடுக்கிறார்கள். இவற்றில் பெயர்போன வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு (சுருக்கமாக வார்கிராஃப்ட்) அமெரிக்காவில் மாதச் சந்தா 14.99 டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 180 டாலர். வாரம் 20 மணி நேரம் ஆடுகிறவருக்கு ஆண்டில் 1,040 மணி நேரம். வகுத்தால் மணிக்குப் பதினேழு சென்ட். நம் காசில் ஒரு டீ விலை. இதைவிட மலிவான பொழுதுபோக்கு உண்டா என்று கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) யாராவது கேட்பார்கள், எல்லோரும் ஆமாம் போடுவார்கள்.

அந்த வகுத்தலே தப்பு. ஆடும் நேரம் கூடக்கூட அதில் விலை இறங்கும். வாரம் 40 மணி நேரம் ஆடினால் பாதி விலை! செலவு ஏறுவதை லாபமாகக் காட்டும் கணக்கை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கமாட்டார். 1,040 மணி நேரத்தை எட்டு எட்டாகப் பிரியுங்கள்: 130 வேலை நாள். பற்றில் எழுதவேண்டியது அந்த 130 நாளை. 180 டாலர் அதன் பக்கத்தில் சில்லறை.

‘சந்தாவை ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதிக்கலாம்’ என்பதும் இதே வகைதான். வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது. ஒருவர் நிஜக் காசு கொடுத்து வாங்கி, ஆட்டத்துக்குள் இருக்கும் ஏலக்கடையில் வைப்பார். இன்னொருவர் ஆட்டத் தங்கம் கொடுத்து அதை எடுத்து ஒரு மாதச் சந்தாவாக மாற்றிக்கொள்வார். ஈவ் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் பிளெக்ஸ் என்பதை வைத்து இதையே செய்கிறார்கள். ஆடும்போது தானாகச் சேர்ந்த தங்கம் என்றால் சரி. டோக்கனுக்காகவே இருபது மணி நேரம் மூலிகை பறித்துச் சுற்றினால், ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு இருபது மணி நேரம் கூலி வேலை பார்த்திருக்கிறோம் என்று பொருள். அதற்கு ‘இலவசம்’ என்று பெயர் வைக்காதீர்கள்.

லெவலைச் சேமிப்பு என்று நம்புவது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தபோது உச்ச லெவல் 60. மோல்டன் கோர் போன்ற ரெய்டுகளுக்கு, அதாவது பெரிய கூட்டுச் சண்டைகளுக்கு, நாற்பது பேர் கூடவேண்டும். அங்கே விழும் அரிதான ஊதா நிறக் கவசம் ஒன்றுக்காக மாதக்கணக்கில் இரவுகளைக் கொடுத்தவர்கள் உண்டு. 2007 ஜனவரியில் முதல் விரிவாக்கம், அதாவது புது நிலமும் புது உச்சமும் சேர்க்கும் தொகுப்பு, வந்தது. புது நிலத்தில் இறங்கி முதல் சில குவெஸ்டுகளை (சிறு பணிகளை) முடித்தவருக்குக் கொடுத்த சாதாரணப் பச்சை நிறச் சாமான், அந்தப் பழைய ஊதாக் கவசங்கள் பலவற்றுக்குச் சமமாக நின்றது, சிலவற்றை மிஞ்சவும் மிஞ்சியது. அதன்பின் உச்சம் 70, 80 என்று ஏறி 2018-இல் 120 ஆனது. 2020-இல் எண்கள் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டன என்று எல்லோரையும் சுருக்கினார்கள். 120-இல் நின்றவர் ஒரே நாளில் 50 ஆனார். புதிய உச்சம் மறுபடி 60. 2024-இல் அது 80. இருபது ஆண்டு ஏறி ஏறி, 60-இலிருந்து 80!

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. புதிதாக வருகிறவரும் பழையவரும் அவ்வப்போது ஒரே கோட்டில் நிற்காவிட்டால் இப்படிப்பட்ட ஆட்டம் நிலைக்காது. பழைய சாமானின் மதிப்பு இறங்கினால்தான் புதியதற்கு ஆசை வரும், சந்தாவும் ஓடும். வேலை செய்யும் விதமே அது. அது தெரிந்திருந்தும் ‘இவ்வளவு ஏற்றிவிட்டேன், இப்போது விட்டால் எல்லாம் போய்விடும்’ என்று மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பதுதான் தவறு. விட்டாலும் விடாவிட்டாலும் அடுத்த விரிவாக்கத்தில் அது போகத்தான் போகிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எங்கள் வளவுத் (வீட்டு உள்முற்றத்) தூண்கள் பர்மாத் தேக்கு. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் கடனைக் கட்ட முடியாதவர்களின் வயல் அப்படி வந்து சேர்ந்தது. (அந்த வயலை இழந்த பர்மிய உழவரின் துயரம் தனிக் கதை, நம் வீடுகளில் அதை யாரும் பேசுவதில்லை, பேசவேண்டும்.) 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது. பின்னால் நிலச் சட்டங்கள், 1960-களில் நாட்டுடைமை. பத்திரமெல்லாம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நிலம் இல்லை.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சிறுவயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை எடுபிடியாக, பர்மாவுக்குக் கப்பலேறி, அடுத்தாளாக உயர்ந்து, மேலாள் ஆகுமுன்பே யுத்தத்தில் வெறுங்கையோடு திரும்பியவர். பேரேடு (கணக்குப் புத்தகம்) எழுதவும் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்கவும் அங்கே கற்றது மட்டும் கூடவே வந்தது. அதை வைத்துத் தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதித்தான் அப்பாவைப் படிக்கவைத்தார்.

சர்வரில் இருக்கும் கேரக்டர், கவசம், தங்கம், வீடு எல்லாம் அந்தப் பர்மா நிலம். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: நமக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதிதான், சொத்து நிறுவனத்துடையது. ‘வேண்டாமென்றால் கணக்கை விற்றுவிடலாம்’ என்பதையும் அதே ஒப்பந்தம் தடுக்கிறது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆட்டம் 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று. சீனாவில் 2023 ஜனவரியில் வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்டுக்கும் அங்கே அதை நடத்திய நெட்ஈஸுக்கும் ஒப்பந்தம் முடிந்தபோது அந்த நாட்டு வார்கிராஃப்ட் சர்வர்கள் மொத்தமாக அணைந்தன. மறு ஆண்டுதான் திரும்பின. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இன்னொரு சந்தா ஆட்டத்தில் வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள்.

அணைந்த பிறகு ஐயாவின் பேரேடுபோல் நம்மோடு வருவது எது? என் கணக்கில் இருபத்தைந்து பேரைக் குரலில் ஒருங்கிணைக்கக் கற்றது வரவு. தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேசவந்தது வரவு. மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் பெரிய வரவு; நாங்கள் சந்தித்த கில்டு கலைந்து ஆண்டுகள் ஆகியும் தீபாவளிக்குப் பேசிக்கொள்கிறோம். சிட்டி ஆஃப் ஹீரோஸை அதன் ரசிகர்களே மீண்டும் ஓடவைத்து, 2024 ஜனவரியில் உரிமையாளரிடமிருந்து முறையான அனுமதியும் பெற்றார்கள். பதினோரு ஆண்டுக்கு மேல் தாங்கியது அந்த மனிதர்களின் ஒட்டுறவு.

பாதி தூரம் எது என்று தெரியாமல் நடப்பது

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆட்டத்தில் ஒரு திறனின் உச்சம் 99. அதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92-ஆம் லெவலுக்கு 65,17,253. அதாவது 92-தான் பாதி! ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை ஏறத்தாழ இரட்டிக்கிறது, வட்டிக்கு வட்டி போல. பொதுவாக இந்த ஆட்டங்களில் தொடக்கம் சரசரவென்று ஓடும், கடைசிப் படிகள் நகரவே நகராது. ‘இன்னும் ஏழே லெவல்’ என்று ஒரு வாரம் ஒதுக்குமுன் மீதம் எத்தனை மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்.

‘உச்சத்தில்தான் ஆட்டமே ஆரம்பம், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்’

புதியவருக்குச் சொல்லும் அறிவுரைகளில் இதைவிடக் கெடுதலானது இல்லை.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கமிருந்து பழனிக்கு நடந்து போகிறார்கள். குன்றக்குடியில் காவடிகள் கூடி, அங்கிருந்து கூட்டமாகப் புறப்படும். பஸ்ஸில் ஏறினால் அன்றே போய்விடலாம். நடப்பவர்கள் அது தெரியாதவர்களா? அவர்களிடம் கேட்டால் வழியில் படுத்த சத்திரம், கூட நடந்த ஆள், காலில் வந்த கொப்புளம் என்று வழியைத்தான் சொல்வார்கள். மலையேறிக் கும்பிட்டது கடைசி ஒரு நாள்.

வார்கிராஃப்டில் 2014 முதல் காசு கட்டி நேராக மேல் லெவலுக்குத் தாவலாம். அந்தப் பொத்தானைப் பார்த்ததும் ‘அப்பாடா’ என்று தோன்றினால் அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். வழி பிடிக்கவில்லை என்றால் உச்சியும் பிடிக்காது. மேலே இருப்பது அதே சண்டை, இன்னும் கடினமாக, வாராவாரம். ஏற்கெனவே ஒருமுறை முழுதும் நடந்தவர் இரண்டாவது கேரக்டருக்குத் தாவுவது வேறு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வழி பிடிக்கிறதா என்று பார்க்கச் சந்தா கட்டவேண்டியதும் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் இலவசச் சோதனை 2023 அக்டோபர் முதல் 70-ஆம் லெவல் வரை விரிந்திருக்கிறது. முதல் ஆட்டமும் இரண்டு விரிவாக்கமும் அதில் அடக்கம், நாள் கெடு கிடையாது. சந்தைப் பலகையில் வாங்கவோ விற்கவோ முடியாது, கில்டில் சேர முடியாது என்பவை பெரிய தடைகள். ஒரு எச்சரிக்கை: ஒருமுறை காசு கட்டி மாறிவிட்டால் அந்தக் கணக்கில் சோதனைக்குத் திரும்ப முடியாது. அவசரப்பட்டுக் கட்டிவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, எல்லோரும் லெவலுக்காகவே ஆடுவதாக நினைக்காதீர்கள். 1978-இல் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் மட் என்ற, பலர் கூடும் முன்னோடிக் கற்பனை உலகை உருவாக்கிய இருவரில் ஒருவர் ரிச்சர்ட் பார்ட்டில். ஆடுகிறவர்களில் சாதிப்பவர், சுற்றிப் பார்ப்பவர், பழகுபவர், பிறரோடு மோதுபவர் என்று நான்கு வகை உண்டு என 1996-இல் அவர் எழுதினார். நான் சுற்றிப் பார்க்கிற ஆள். அது புரியாமல் சாதிப்பவர்களின் அட்டவணையை வைத்து இரண்டு ஆண்டு ஓடியதுதான் என் பெரிய நஷ்டம்.

சர்வர் எந்த ஊர்க் கடிகாரத்தில் ஓடுகிறது என்று பார்க்காதது

வெளிநாட்டுக் கட்டுரைகள் இதைச் சொல்லாது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வார்கிராஃப்டுக்கும் ஃபைனல் ஃபேன்டசிக்கும் இந்தியாவில் சர்வர் கிடையாது. ஐரோப்பிய கில்டு இரவு எட்டு மணிக்கு ரெய்டு என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. சிட்னியில் இரவு எட்டு என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை, அவர்கள் கோடையில் இரண்டரை. ஒன்று தூக்கம் போகும், இல்லையென்றால் வேலை போகும்.

நான் எட்டு மாதம் ஐரோப்பியர்களோடு வாரம் மூன்று இரவு ஆடினேன். முடியும்போது மூன்றரை மணி. அப்பத்தா நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்க வரும்போது என் அறையில் வெளிச்சம் தெரியும். “படிக்கிறியாப்பா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. அதே எட்டு மாதத்தில் ஒரு வாடிக்கையாளரின் வரிக் கணக்கில் நான் செய்த பிழைக்கு அவர் அபராதம் கட்டினார். ஆட்டத்தில் அப்போது எனக்குக் கிடைத்த கவசம் என்னவென்று கேட்டால் பெயர்கூட நினைவில்லை.

நம் நேரத்துக்கு ஆடும் கில்டு கிடைக்கவில்லை என்றால் ரெய்டை விட்டுவிடுங்கள். கதையும் நான்கு பேர், ஐந்து பேர் சேரும் சிறு ஆட்டங்களும் போதும். அவற்றுக்கு எந்த நேரமும் ஆள் கிடைப்பார்கள்.

ஆடாத மாதத்துக்கும் கட்டுவது

வார்கிராஃப்ட் வெளிவருமுன் சோதித்துப் பார்த்த காலத்தில், நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகும் என்று வைத்தார்கள். ஆடியவர்கள் வெறுத்தார்கள். பிறகு அதே ஏற்பாட்டைத் திருப்பி, ஓய்வெடுத்து வருகிறவருக்கு இரட்டிப்பு என்று பெயர் மாற்றினார்கள், எல்லோரும் மகிழ்ந்தார்கள். தினமும் வந்தால் கிடைக்கும், இந்த வாரம் வராவிட்டால் போய்விடும் என்ற ஏற்பாடுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். இழப்பாகத் தோன்றுவது பல நேரம் சொல்லும் விதத்தால் வருவது. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, புது உள்ளடக்கத்தை ஆடி முடித்தால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு ஆட்டம் ஆடுங்கள், அடுத்தது வரும்போது வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

தம்பிக்குச் சொன்ன ஏற்பாடும் அதுதான். முதலில் இலவசச் சோதனை. பிடித்தால் ஒரு மாதம் கட்டி, அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை ரத்து செய். கட்டிய மாதம் முடியும் வரை ஆடலாம். ஆறு மாதத் திட்டத்தில் ஏதோ சவாரி மிருகம் தருகிறார்கள் என்று போகாதே. ஒரு நோட்டில் நாள், எத்தனை மணி நேரம், யாரோடு என்று எழுது.

“நோட்டு எதுக்குண்ணே, போன்லயே குறிச்சுக்கிறேன்” என்றான். வேண்டாம் என்று சொல்லி ஐயாவின் அலமாரியிலிருந்து எழுதாத பேரேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நேற்று அனுப்பிய படத்தில் நான்கு வரி இருந்தது. கடைசி வரி: ‘2 மணி நேரம், லெவல் ஏறல, மதுரைக்காரப் பையன் ஒருத்தன்கூட மீன் பிடிச்சேன்.’