கனிமவியல் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு

கனிம வளங்களைப் படிக்கும்போது பாறை ஒரு நோட்டிலும் விலை இன்னொரு நோட்டிலும் இருந்தால் இரண்டுமே மனத்தில் நிற்காது. ஒவ்வொரு படிவுக்கும் ஒரே பக்கத்தில் சிறு கணக்கு போட்டுப் பாருங்கள்.

செம்பை எடுத்துக்கொள்வோம். புவி ஓட்டில் அதன் சராசரி அளவு சுமார் 0.005 சதவீதம். தாதில் 0.5 சதவீதம் இருந்தால், இயற்கை அதை ஏறத்தாழ 100 மடங்கு செறிவாக்கியிருக்கிறது. எந்த வெப்பநீர், எந்தப் பிளவு வழியாக வந்து இதைச் செய்தது என்பதே புவியியல் கேள்வி. ஒரு டன் தாதில் 5 கிலோ செம்பு. பிரித்தெடுப்பில் 85 சதவீதம் மீண்டால் 4.25 கிலோ. அதைச் சந்தை விலையால் பெருக்கி, தோண்டி அரைக்கும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவது எதிர்மறையாக வந்தால் அது வெறும் பாறைதான்.

'வளம்', 'இருப்பு' என்ற சொற்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நிலத்தடியில் இருந்து, என்றாவது எடுக்க வாய்ப்புள்ளது வளம். இன்றைய விலையிலும் நுட்பத்திலும் இலாபத்தோடு எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே இருப்பு. விலை ஏறினால் ஒரு துளை கூடப் போடாமலே இருப்பு பெருகும்! இதை நான் முதலில் உணர்ந்தபோதுதான் இந்தப் பாடமே எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பிங்காம் கேன்யன் நல்ல பயிற்சி. அங்கே ஏறத்தாழ 2 சதவீதச் செம்பு கொண்ட தாதைப் பலர் மட்டமானதென்று ஒதுக்கினார்கள். 1906ல் தொடங்கிய பெரிய அளவிலான திறந்தவெளி அகழ்வு, ஒரு டன்னுக்கான செலவைக் குறைத்துக் கணக்கையே மாற்றியது. அந்த ஒரு சுரங்கத்துக்கு இப்பக்கத்தை எழுதிப் பாருங்கள்; விலையை மட்டும் பாதியாக்கி மறுபடியும் எழுதுங்கள்.